வியாழக்கிழமை நெஞ்சு படபடப்பு: பணமுடைக் காலத்தில் மனதைப் பார்த்துக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பீடி சுற்றுகிறவர், நாற்பதைத் தாண்டிய வயது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை மரத்துப்போகிறது, மூச்சு முட்டுகிறது என்றார். மூன்று தடவை இசிஜி எடுத்தாகிவிட்டது. மூன்றிலும் ஒன்றுமில்லை. கேஸ் என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்டேன்.

"புதன் ராத்திரி ஆரம்பிக்கும் டாக்டர். வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் கிடந்து அடிக்கும். அதுக்கப்புறம் சரியாயிரும்."

வியாழக்கிழமை என்ன விசேஷம்? கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கூட வந்த மகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சொன்னார். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் குழுக் கடன் தவணை.

நான் திருநெல்வேலி வட்டாரத்தில் மனநலம் பார்க்கிறவன். இதில் வருகிற மனிதர்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ள முடியாது. பல பேருடைய கதைகளைக் கலந்து, ஊரையும் தொழிலையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த வியாழக்கிழமை மட்டும் நிஜம். சிலருக்கு அது செவ்வாய், சிலருக்கு மாதத்தின் ஐந்தாம் தேதி.

பணக் கஷ்டத்துக்குப் பணம்தான் மருந்து. மூச்சுப் பயிற்சியால் வட்டி குறையும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் பணத்தைப் பற்றி முடிவெடுக்கிற மூளை ஒன்று இருக்கிறதல்லவா, அது நல்லபடியாக ஓட வேண்டும். கஷ்டம் வந்தவர்கள் செய்கிற காரியங்களைவிட, அவற்றைச் செய்கிற வரிசையில்தான் பெரும்பாலும் கோளாறு. பெரிய முடிவை ராத்திரி இரண்டு மணிக்கு எடுப்பார்கள். கணக்கை மட்டும் எழுதிப் பார்க்கவே மாட்டார்கள். வீட்டில் சொல்வதோ, ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு. இதைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் உறக்கம், பிறகு கணக்கு, பிறகு வீட்டில் பேச்சு, முடிவு எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒரே ஒரு விலக்கு. செத்துப்போய்விடலாமா என்ற நினைப்பு ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் வரிசை பார்க்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு இப்போதே பேசுங்கள். இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

உடம்பு முதலில் பேசும்

நம் பக்கத்தில் யாரும் எனக்கு மன அழுத்தம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலை கிறுகிறுப்பு, வயிற்றெரிச்சல், கழுத்து இறுக்கம், கை கால் அசதி, உறக்கமின்மை, இப்படித்தான் வரும். ஆண்களுக்கு எரிச்சலாகவும் வரும்: தொட்டதற்கெல்லாம் கோபம், பிள்ளை மேல் கை ஓங்குவது. நம் கிராமத்துப் பெரியவர்கள் இதற்கு வைத்திருக்கிற வார்த்தை வெசனம். டாக்டர்கள் எழுதுகிற நோய்ப் பெயர்களைவிட எனக்கு அது பிடிக்கும், ஏனென்றால் நோய் என்றும் சொல்லாமல் நடிப்பு என்றும் சொல்லாமல் நடுவில் நிற்கிறது.

நெஞ்சுவலி வந்தால் முதலில் இதயத்தைப் பார்த்துவிடுங்கள். அதில் சமரசம் வேண்டாம். அங்கே ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, இந்த வலி எந்தக் கிழமை வருகிறது, யார் போன் செய்த பிறகு வருகிறது என்று காலண்டரில் ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். பாதி வைத்தியம் அந்தக் காலண்டரிலேயே கிடைத்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்வது நல்லது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2013ல் வெளிவந்தது. அதே ஆளுக்கு அறுவடைக்கு முன்னால், கையில் காசில்லாத நேரத்தில் ஒருமுறை, அறுவடைப் பணம் வந்த பிறகு ஒருமுறை என்று யோசிக்கும் திறனைச் சோதித்தார்கள். பணமுடை நேரத்தில் மதிப்பெண் குறைந்தது. ஆள் அதே ஆள்தான், மூளையில் பாதி இடத்தைக் கடன் பிடித்துக்கொண்டிருந்தது. ஆகவே கடையில் மீதிச் சில்லறையை மறந்து வந்தாலும், பிள்ளையின் ஸ்கூல் தேதியைத் தவறவிட்டாலும், எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். பாரம் ஏற்றிய வண்டி மெதுவாகத்தான் போகும்.

முதல் வேலை: ராத்திரி இரண்டு மணியைக் கடப்பது

எந்தக் கடனும் ராத்திரியில் பெரிதாகத் தெரியும். அந்நேரத்துக்குக் கடை திறந்திருக்காது, பேங்க் திறந்திருக்காது, பேசவும் ஆள் கிடையாது. அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் வாங்கிக்கொள்கிற வாக்கு இதுதான்: விளக்கு அணைத்த பிறகு கணக்குப் போடக் கூடாது, விடிந்து பல் தேய்த்த பிறகுதான் எந்த முடிவும்.

அப்படியானால் அந்த நினைப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? சாயங்காலம் ஒரு நேரம் ஒதுக்குங்கள். ஐந்தரை மணியிலிருந்து இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அது வெசனப்படுகிற நேரம். ஒரு இடத்தில் உட்கார்ந்து, மனதில் இருப்பதையெல்லாம் தாளில் கொட்டுங்கள். இருபது நிமிடம் ஆனதும் எழுந்து முகம் கழுவிவிட்டு வேறு வேலை. பகலிலோ ராத்திரியிலோ அதே நினைப்பு வந்தால், சரி, நாளைக்கு ஐந்தரைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுங்கள். கேட்கும்போது சிரிப்பாக இருக்கும். என்னிடமே பல பேர் சிரித்திருக்கிறார்கள். ஆனால் நாற்பது வருடத்துக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்த முறை இது. நினைக்காதே என்று மனதுக்கு உத்தரவு போட்டால் அது கேட்காது. பிறகு நினைக்கலாம் என்றால் ஓரளவு கேட்கும்.

படுத்து இருபது நிமிடமாகியும் உறக்கம் வரவில்லையென்றால் பாயைவிட்டு எழுந்து திண்ணையில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பப் போய்ப் படுங்கள். போன் கையில் வேண்டாம். எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் எழுவது ஒரே நேரத்தில் இருக்கட்டும். சாயங்கால டீயோடு டீயை நிறுத்திவிடுங்கள்.

சாராயம் உறங்க வைக்கும் என்பது பாதிதான் உண்மை. சீக்கிரம் உறங்க வைக்கும், பிறகு மூன்று மணிக்கு எழுப்பி உட்கார வைத்துவிடும். அந்த மூன்று மணிதான் ஒரு நாளில் மோசமான நேரம். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற தூக்க மாத்திரையும் அப்படித்தான். பழகிப்போனால் கழற்றுவது பெரும்பாடு.

இந்த முதல் வேலைக்கு ஒரு வாரம் கொடுங்கள். அதற்குள் பத்திரத்தில் கையெழுத்து போடாதீர்கள், புதுக் கடன் வாங்காதீர்கள், வீட்டை விற்கிற பேச்சை எடுக்காதீர்கள்.

இரண்டாவது வேலை: நாற்பது பக்க நோட்டு

எவ்வளவு கடன் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில், "அது இருக்கு டாக்டர், ஒரு நாலஞ்சு." நான்கா ஐந்தா என்பதற்கு நடுவில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. தொகையைப் பார்க்கவே பயம், அதனால் எழுதுவதில்லை. எழுதாததால் அது தலைக்குள் வளர்ந்துகொண்டே போகிறது. எழுதிக் கூட்டிப் பார்த்தவர்களில் சிலருக்கு நினைத்ததைவிடக் குறைவாக வந்திருக்கிறது. கூடுதலாக வந்தவர்கள்கூட அன்று ராத்திரி கொஞ்சம் உறங்கினார்கள்.

பிள்ளைகள் எழுதுகிற நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு கடனுக்கு ஒரு பக்கம். யாரிடம் வாங்கியது, கையில் வந்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, வட்டி என்ன, ஈடாக என்ன கொடுத்திருக்கிறது, கட்டாவிட்டால் என்ன நடக்கும். கடைசிக் கேள்விக்குப் பயத்தை எழுதாமல் நடக்கக்கூடியதை எழுத வேண்டும். மானம் போய்விடும் என்று எழுதினால் நான் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். ஈடு வைத்த நகை ஏலத்துக்குப் போகும், குழுவில் மற்ற ஒன்பது பேர் கட்ட வேண்டி வரும், இப்படி எழுதுங்கள்.

வட்டியை வருடக் கணக்குக்கு மாற்றுங்கள். நம் ஊரில் மூணு வட்டி, அஞ்சு வட்டி என்று வாயால் சொல்லும்போது அது சின்ன எண்ணாகத் தெரிகிறது. மூணு வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். பத்து வட்டி என்றால் 120. ஐம்பதாயிரத்தை அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,500, வருடத்துக்கு 30,000. அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. தண்டல் இன்னும் ஏமாற்றும். பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்குவார்கள். 1,500தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வருட வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இதெல்லாம் மனநல டாக்டருக்கு எதற்கு என்று கேட்கலாம். பயத்தில் இருக்கிற மனது சத்தம் போடுகிறவனுக்கு முதலில் கொடுக்கும். அதனால்தான். வாசலில் வந்து கத்துகிறவனுக்குத் தவணை போய்விடுகிறது. சத்தமே போடாத கூட்டுறவு வங்கி நகைக்கடன் முழுகிப்போகிறது. நோட்டு இருந்தால் எது கழுத்தை இறுக்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். சாப்பாடு, வாடகை, கரண்ட், மருந்து, பள்ளிக்கூடம் இவை முதலில். மீதியில் வட்டி அதிகமான கடனை முதலில் குறைக்க வேண்டும்.

நகை பற்றி ஒரு வார்த்தை. பீரோவில் நாலு பவுன் இருக்கும், வெளியில் பத்து வட்டிக்குக் கடன் ஓடும். கழுத்து வெறுமையாக இருந்தால் நாத்தனார் என்ன சொல்வாள் என்ற ஒரே காரணம். அந்த நகையைப் பேங்கிலோ கூட்டுறவிலோ ஈடு வைத்து பத்து வட்டியை அடைத்தவர்கள், என் அனுபவத்தில், மாத்திரையே இல்லாமல் தேறியிருக்கிறார்கள். மஞ்சள் கயிறோடு கல்யாண வீட்டுக்குப் போவது கஷ்டம்தான். முதல் கல்யாணம் மட்டும்தான் அப்படி இருக்கும்.

பேங்க் கடனாக இருந்தால், தவணை தவறும் முன்பே மேனேஜரைப் போய்ப் பார்த்து, தவணையை மாற்றி அமைக்க எழுத்தில் கேளுங்கள். தவறிய பிறகு போவதைவிட அப்போது அந்த மேஜைக்கு முன்னால் நிற்பது சுலபம்.

மூன்றாவது வேலை: வீட்டில் சொல்வது

இது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். கணவருக்குத் தெரியாமல் குழுக் கடன் வாங்கிய பெண்கள், மனைவிக்குத் தெரியாமல் ஆன்லைன் ரம்மியில் விட்ட ஆண்கள், மகனுக்குத் தெரியாமல் வீட்டுப் பத்திரத்தை வைத்த அப்பாக்கள், மூன்று வகையையும் பார்த்துவிட்டேன். கடனைவிட அதை மறைக்கிற வேலைதான் அவர்களை அதிகம் தின்கிறது. போன் அடித்தால் வெளியே ஓட வேண்டும், தபால்காரரைத் தெருமுனையில் மடக்க வேண்டும், யாரிடம் என்ன பொய் சொன்னோம் என்று ஞாபகம் வைக்க வேண்டும்.

எப்படிச் சொல்வது? சாப்பிட்ட பிறகு, குடிக்காத நேரத்தில், பிள்ளைகள் உறங்கிய பிறகு, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு. முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். முதலில் பாதி, அடுத்த மாதம் மீதி என்று பிரித்துச் சொன்னால் மூன்றாவது தடவை நீங்கள் உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். வார்த்தை கிடைக்காதவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "ஒரு விஷயம் மறைச்சிட்டேன். மொத்தம் இவ்வளவு. இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நோட்டு இது. இப்ப ஒண்ணும் பேச வேண்டாம், நாளைக்கு உக்காந்து பாப்போம்."

கடைசி வரி முக்கியம். கேட்டவருக்கும் கோபப்பட ஒரு ராத்திரி வேண்டும்.

கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். "என்கிட்ட கேக்காம ஏன் வாங்குன?" என்ற கேள்வி நியாயமானது. அதை அன்றைக்கே கேட்க வேண்டாம். சொன்ன ஆள் சொல்வதற்கு முன்பு என்னென்ன யோசித்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "சரி, பாப்போம்" என்று சொன்னால் போதும். வீட்டில் அடி உதை இருக்கிறவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவர்கள் முதலில் தாய்வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடமோ 181 மகளிர் உதவி எண்ணிலோ பேசிவிட்டு, பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு சொல்லட்டும்.

பிள்ளைகளிடம் மறைத்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். சுவர் மெல்லியது. தெரிந்ததில் பாதியும் கற்பனையில் பாதியுமாக அவர்கள் தனியே பயந்துகொண்டிருப்பார்கள். தொகை சொல்ல வேண்டியதில்லை. "இந்த வருஷம் காசு கொஞ்சம் முடை. தீபாவளிக்கு ஒரு செட்தான். உன் படிப்பு நிக்காது. இதுக்கு நீ காரணம் இல்ல." இந்த அளவு போதும். பத்து வயதுப் பையன் ஒருவன், தன் ஸ்கூல் வேன் செலவால்தான் அப்பா அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தே போயிருந்தான்.

வாசலில் வந்து நிற்பவர்கள்

இதைப் பயிற்சி என்று சொல்வதா, சட்டம் என்று சொல்வதா தெரியவில்லை. ஆனால் தன் பக்கத்தில் விதி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவுடன் நெஞ்சு படபடப்பு குறைவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

குழுக் கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022ல் விதி போட்டிருக்கிறது. காலை ஒன்பதுக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. கெட்ட வார்த்தை, மிரட்டல், சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்வது, பெயரை வெளியில் போடுவது எதுவும் கூடாது. வசூல் இருவரும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான். தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுப்பதும் தவறு. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். வழி கேட்க 14448.

தனியார் வட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003ஆம் வருடத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் பெயரோடு அதில் வருகின்றன. மூன்று வருடம் வரை சிறை. மிரட்டி வசூலிக்கிற கடன் நிறுவனங்களுக்கும் ஆப்களுக்கும் எதிராக 2025ல் மாநில அரசு இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. போட்டோவை மாற்றி அனுப்புவேன் என்று மிரட்டுகிற லோன் ஆப்புக்கு 1930, சைபர் குற்றப் புகார் எண். வக்கீலுக்குக் காசில்லையென்றால் 15100, இலவச சட்ட உதவி.

2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டி ஒரு குடும்பத்தையே கொண்டுபோனதை இந்த வட்டாரம் மறக்காது. அதனால்தான் சொல்கிறேன், மனு கொடுக்கத் தனியாகப் போகாதீர்கள். கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போகிறீர்களா, கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மனுவின் நகலும் ரசீது எண்ணும் நோட்டுக்குள் இருக்கட்டும். திரும்பி வரும்போது ஒரு டீயாவது சேர்ந்து குடித்துவிட்டு வாருங்கள். மனு கொடுத்த அன்று சாயங்காலம் மனது ரொம்பத் தாழ்ந்துவிடும். எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனோமே, ஒன்றும் முடியவில்லையே என்று தோன்றும். அதை எதிர்பார்த்துப் போவது நல்லது.

வேலை போனவர்களின் பகல்

ராத்திரியைப் பற்றிப் பேசினோம். வேலை போனவர்களுக்குப் பகலும் எதிரி.

1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்டால் என்ற சிற்றூர். ஊரே ஒரு நூல் ஆலையை நம்பி இருந்தது. ஆலை மூடியது. ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய், தெருவில் நடப்பவர்களின் வேகத்தை மறைவில் நின்று கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நடுவழியில் அடிக்கடி நின்றார்கள். நேரம் நிறைய இருந்தும், கட்டணத்தையே எடுத்துவிட்டும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. அடுப்பும் பிள்ளையும் துவைக்கிற துணியும் இருந்ததால் பெண்களின் நாள் மட்டும் கலையாமல் இருந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மலைமேல் இருக்கிற மாஞ்சோலை தேயிலைத் தோட்டம்தான் ஞாபகம் வரும். தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை 2028ல் முடிகிறது என்பதால் 2024ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சங்குச் சத்தத்துக்கு எழுந்த உடம்புகள் அவை. கீழே சமவெளிக்கு வந்தால் வெயில் வேறு, தண்ணீர் வேறு, காலையில் எழுப்ப ஆளில்லை. இவர்களைப் போன்றவர்கள் இழந்தது சம்பளம் மட்டும் என்று நினைத்தால் வைத்தியம் தப்பிப்போகும்.

வேலை இருந்தபோது எத்தனை மணிக்கு எழுந்தீர்களோ அதே மணிக்கு எழுங்கள். சாரத்தை, அதாவது கைலியை, மாற்றிச் சட்டை போட்டு ஒன்பது மணிக்கு முன் வெளியே கால் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று காரியம்: வீட்டுக்கு ஒன்று, வருமானத்துக்காக ஒன்று, மனதுக்கு ஒன்று. தண்ணீர் பிடித்துக் கொடுப்பது வீட்டுக்கு. நாலு பேரிடம் வேலை கேட்பது வருமானத்துக்கு. கிடைத்ததா என்பது வேறு கணக்கு, கேட்டோமா என்பது மட்டும் அன்றைய கணக்கு. தாமிரபரணியில் போய் முங்கிவிட்டு வருவது மனதுக்கு. பிடித்தால் செய்வோம் என்று காத்திருக்காதீர்கள். சோர்ந்த மனதுக்கு முதலில் கால் நகர வேண்டும், பிடித்தம் பின்னால் வரும். இரண்டு வாரம் ஆகலாம்.

சாப்பாட்டை விடாதீர்கள். பழைய சோறும் காணத் (கொள்ளு) துவையலும் போதும். பசித்த வயிற்றில் படபடப்பு இரண்டு மடங்கு.

கொடை, கல்யாணம், செய்முறை

நம் பக்கத்தில் கஷ்ட காலம் பங்குனி, சித்திரை, ஆடி என்று மாதம் பார்த்துக் கூடும். கோயில் கொடைக்கு வரி, சடங்கு, கல்யாணத்தில் மொய்யும் சீருமாகக் கொடுக்கிற செய்முறை. செய்தது திரும்பி வரும் என்பது ஒரு வகைச் சேமிப்புதான், நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அஞ்சு வட்டிக்கு வாங்கி மொய் எழுதுவது சேமிப்பாகாது.

இந்த வருடம் எவ்வளவு செய்முறை செய்ய முடியும் என்று ஒரு தொகையை நோட்டில் எழுதிவிடுங்கள். அது தீர்ந்த பிறகு, முகூர்த்தத்துக்கு முதல் நாளே போய் வேலை செய்யுங்கள். காய் நறுக்குங்கள், பந்தி பரிமாறுங்கள். போகாமல் வீட்டில் கிடப்பதுதான் மனதுக்குக் கேடு. "அண்ணாச்சி, இந்தத் தடவை கை கொஞ்சம் இறுக்கம், அடுத்ததுல பாத்துக்கிடுதேன்" என்று நேரில் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விட்டுவிடுவார்கள். மீதிப் பத்துப் பேர் நீங்கள் ஒரு பவுன் போட்டாலும் பேசுவார்கள்.

யாரிடம் உட்கார்ந்து பேசுவது

ஜிம்பாப்வேயில் 2006 வாக்கில் ஒரு ஏற்பாடு தொடங்கியது. மனநல டாக்டர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் அங்கே. அதனால் ஊர்ப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சைப் போட்டு உட்கார வைத்தார்கள். வெசனத்துக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லின் பொருளே ‘அதிகமாக நினைப்பது’ என்பதுதான். பாட்டி முழுவதும் கேட்பாள். பிறகு இத்தனை பிரச்சினையில் முதலில் எதை எடுப்போம் என்று கேட்பாள். ஒன்றை எடுத்து அதற்கு ஒரு வழி பார்த்து, அடுத்த வாரம் வா என்பாள். 2016ல் முடிவுகளை வெளியிட்டபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

நம்மிடம் பெஞ்சுக்கும் பாட்டிக்கும் பஞ்சமில்லை. ஆனால் புத்திமதி சொல்லாமல் கேட்கிற ஆள் அபூர்வம். உங்களுக்குத் தெரிந்தவர்களில் வாய் மூடி கேட்கிறவர், அடுத்தவரிடம் கொண்டுபோகாதவர், உங்களுக்குக் கடன் கொடுக்காதவர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது தகுதியைப் பலர் மறந்துவிடுவார்கள். சுளகை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் சேர்ந்து உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்களிடம் இது தானாகவே நடக்கிறது. வீட்டுக்குள் தனியாகச் சுற்றுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

உயிருக்கு ஆபத்தான கட்டம்

நாம் இல்லாவிட்டால் கடன் தீர்ந்துவிடும், இன்சூரன்ஸ் வரும், பிள்ளைகள் நிம்மதியாக இருப்பார்கள் என்ற யோசனை பணக் கஷ்டத்தில் வரும். கணக்குப் போல வருவதால்தான் அதை நம்பத் தோன்றுகிறது. ஆனால் அது நோயின் கணக்கு. விட்டுவிட்டுப் போனவர்களின் வீடுகளையும் நான் பார்க்கிறேன். அங்கே நிம்மதி என்று ஒன்று வரவில்லை.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை: திடீரென்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது, பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்வது, நாளெல்லாம் தவித்த ஆள் காரணமே இல்லாமல் ஒரு நாள் அமைதியாகிவிடுவது. சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்டால் நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று பயப்படுகிறார்கள். ஆகாது. பெரும்பாலும் அழுதுகொண்டே ஆமாம் என்பார்கள், அதில் ஒரு விடுதலை தெரியும். ஆமாம் என்றால் அன்று தனியாக விடாதீர்கள்.

பூச்சிமருந்து, எலிமருந்து, மிச்ச மாத்திரை எல்லாவற்றையும் அன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். வயல்காரர்கள் பக்கத்து வீட்டிலோ பூட்டுப் போட்ட பெட்டியிலோ வைத்து, சாவியை வேறு ஆளிடம் கொடுங்கள். அந்த வேகம் பல பேருக்குச் சில மணி நேரமே இருக்கும். கையெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாமல் அது கடந்துபோனால், ஆள் பிழைத்துக்கொள்கிறார்.

ஏதாவது நடந்துவிட்டால் 108. போலீஸ் கேஸாகிவிடுமே என்று பயந்து நாட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்பதுதான் 2017 மனநலச் சட்டம்.

எப்போது எங்களிடம் வருவது

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனது கனத்தே கிடந்தால், எதிலும் பிடிப்பில்லையென்றால், உறக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், குடி கூடியிருந்தால் வாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் குழு வரும், உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று யாராவது பேசினால், சுகர் டாக்டரைப் பார்க்கப் போனேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். இந்தப் பொய்யை நான் அனுமதிக்கிறேன்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை வேலை காட்ட இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் வயிற்றைப் புரட்டலாம். போதைப் பழக்கம் போல ஆகாது, ஆனால் நன்றாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லோருக்கும் மாத்திரை வேண்டியதில்லை. முக்கூடல் அம்மாவுக்கு நான் மாத்திரை எழுதவில்லை. அவர் நோட்டு எழுதினார், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள், "வியாழக்கிழமை நானும் வாரேன்" என்றாராம். படபடப்பு இப்போதும் வருகிறது, புதன் ராத்திரி கொஞ்ச நேரம். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.

வரும்போது பழைய இசிஜி, மாத்திரைச் சீட்டு, ஆதார், அந்த நாற்பது பக்க நோட்டு, நான்கையும் எடுத்து வாருங்கள். கூட ஒரு ஆள் வந்தால் நல்லது. காலை எட்டரைக்குள் வந்தால் சீட்டு வாங்குகிற வரிசை சின்னதாக இருக்கும்.